சேலத்துப் பாறையும் சந்திரயானின் மறுவடிவமைப்பும்

சேலம் நகரை ஒட்டி வடக்கே எழும் சேர்வராயன் மலை, சார்னோகைட் என்னும் மிகப் பழைய பாறையால் ஆனது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு இருக்கிறது. அதன் உச்சிச் சமவெளிகளில் நெடுங்காலம் பெய்த மழை, பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோனது. கரையாமல் தங்கிய அலுமினியச் சத்து பாக்சைட்டாகத் திரண்டது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து பாக்சைட் வெட்டி அனுப்பப்பட்டது. மலையடிவாரத்தில் உள்ளூர் மக்கள் வெள்ளைக்கல் என்று அழைக்கும் மேக்னசைட் கிடைக்கிறது. சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையில் இரும்புத்தாது கிடைக்கிறது. 1830இல் ஜோசையா ஹீத் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பு ஆலை கஞ்சமலைத் தாதுவை நம்பியே இயங்கியது. ஒரே வட்டாரத்தில் இத்தனை வகைக் கல் அமைந்திருப்பதால், இரண்டு நூற்றாண்டுகளாகச் சேலம் நிலவியலாளர்கள் நாடி வரும் ஊராக இருந்துவருகிறது.

இந்த வட்டாரத்தின் தென்கோடியில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் பரமத்தி வேலூர் பக்கம், சித்தம்பூண்டியும் குன்னமலையும் உள்ளன. 1997இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை இவ்வூர்கள் சேலம் மாவட்டத்தில் இருந்தன. இங்கே வெளிப்பட்டுக் கிடக்கும் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை, இந்தியாவின் நிலவுத் திட்டம் திரும்பத் திரும்ப மாற்றி வரையப்பட்டபோது அந்த வேலையில் பங்கெடுத்தது. ஒரு விண்வெளித் திட்டத்தை மாற்றியமைக்கும்போது எந்த அறிவியல் கேள்வியைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதை, 2008 முதல் 2023 வரை நீளும் சந்திரயான் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

சித்தம்பூண்டிப் பாறை

சித்தம்பூண்டிப் பாறைத்தொகுதி சுமார் 250 கோடி ஆண்டுகள் அல்லது அதற்கும் மேற்பட்ட பழமை உடையது. பூமியின் ஆழத்தில் உருகிய நிலையிலிருந்த பாறைக்குழம்பு மெல்ல ஆறியபோது, கனிமங்கள் ஒவ்வொன்றாகப் படிகமாகிப் படிந்தன. அவற்றுள் கால்சியமும் அலுமினியமும் மிகுந்த பிளாஜியோகிளேஸ் என்ற கனிமம் திரண்ட அடுக்கே அனார்த்தோசைட். பின்னாளில் இந்த அடுக்குகள் ஆழத்துக்குத் தள்ளப்பட்டு, வெப்பத்திலும் அழுத்தத்திலும் மடிந்து உருமாறி, மீண்டும் மேலே வந்தன. வெளிர்நிறப் பாறையின் ஊடே கருநிறக் குரோமைட் பட்டைகள் ஓடுகின்றன. சில இடங்களில் குருந்தக்கல்லின் சிவந்த மணிகளும் தென்படுகின்றன. இத்தொகுதியின் கனிமங்களையும் அமைப்பையும் விரிவாக ஆராய்ந்து ஏ.பி. சுப்பிரமணியம் 1956இல் வெளியிட்ட கட்டுரை, சித்தம்பூண்டியை உலக நிலவியல் நூல்களில் இடம்பெறச் செய்தது.

அந்தக் கட்டுரை வந்தபோது, நிலவின் தரை எதனால் ஆனது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அங்கே இறங்கும் கலம் ஆழமான தூசியில் புதைந்துவிடும் என்று 1955இல் தாமஸ் கோல்ட் என்ற வானியலாளர் எச்சரித்திருந்தார். 1966இல் சோவியத் ஒன்றியத்தின் லூனா 9, அமெரிக்காவின் சர்வேயர் 1 ஆகியவை இறங்கிப் புதையாமல் நின்ற பிறகே அந்தக் கவலை தணிந்தது. 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த மண்ணில் கலந்திருந்த வெள்ளைத் துணுக்குகள் அனார்த்தோசைட் என்று தெரியவந்தன. நிலவு பிறந்த புதிதில் அதன் வெளிப்புறம் முழுவதும் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது, எடை குறைந்த பிளாஜியோகிளேஸ் மேலே மிதந்து மேலோடாக உறைந்தது என்ற கோட்பாடு அந்தத் துணுக்குகளிலிருந்து பிறந்தது. வெறுங்கண்ணுக்கு நிலவில் பளிச்சென்று தெரியும் மேட்டுநிலங்கள் இந்த மேலோட்டின் எச்சங்கள். இருண்டு தெரிபவை, பின்னால் வெளிவந்து உறைந்த பசால்ட் எரிமலைக்குழம்பின் சமவெளிகள்.

பூமியின் தொல்பழம் மேலோட்டில் உள்ள அனார்த்தோசைட்டையும் நிலவின் அனார்த்தோசைட்டையும் ஒப்பிட்டு, 1970இல் பிரையன் விண்ட்லி நேச்சர் இதழில் எழுதினார். இரண்டும் உருவான விதம் ஒன்றல்ல. ஆனாலும் கால்சியம் செறிந்த பிளாஜியோகிளேஸ் இந்த அளவுக்குத் திரண்ட பாறை பூமியில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் நிலவின் மேட்டுநிலத்தைப் புரிந்துகொள்ள முயன்றவர்களின் கவனத்தில் சித்தம்பூண்டி இடம்பிடித்தது. 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான் 1 சுமந்துசென்ற நாசாவின் கனிம வரைபடக் கருவி, நிலவின் ஓரியண்டேல் படுகையின் உள்வளையத்தில் அனார்த்தோசைட் மிகப்பெரிய அளவில் இருப்பதைக் கண்டது. பாறைக்குழம்புக் கடல் கோட்பாட்டுக்கு அது வலுவான சான்றாக அமைந்தது.

மறுவடிவமைப்பில் எடைபோடப்படுபவை

கோள்களுக்குச் செல்லும் எந்தக் கலத்திலும் அறிவியல் கருவிகளின் பங்கு மிகச் சிறியது. மொத்த எடையில் பெரும்பகுதி எரிபொருள். எஞ்சியது சட்டகம், மின்கலம், கணினி, வானொலிக் கருவி ஆகியவற்றுக்குப் போய்விடும். ராக்கெட் தூக்கும் எடைக்கு உச்சவரம்பு உண்டு. எனவே இறங்கும் கால்களை ஒரு கிலோ கனமாக்கினால் அந்தக் கிலோவை வேறெங்காவது குறைத்தாக வேண்டும், அல்லது பெரிய ராக்கெட்டுக்கு மாற வேண்டும். பெரிய ராக்கெட் என்றால் கூடுதல் செலவு, கூடுதல் காத்திருப்பு.

இறங்குமிடத் தேர்விலும் இதே இழுபறி நடக்கிறது. அறிவியலாளர்களை ஈர்ப்பவை பள்ளங்களின் விளிம்புகள், சரிவுகள், பல வயதுப் பாறைகள் ஒன்றுகூடும் இடங்கள். கலம் பத்திரமாக இறங்கவோ சமதளம் வேண்டும். 1976இல் செவ்வாயை அடைந்த வைக்கிங் 1, அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு நாளான ஜூலை 4 அன்று இறங்குவதாக இருந்தது. சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படங்களில், முன்பே தேர்ந்தெடுத்த இடம் கரடுமுரடாகத் தெரிந்தது. திட்டக்குழு நாளையும் இடத்தையும் மாற்றி, பாதுகாப்பான வேறொரு சமவெளியில் ஜூலை 20 அன்று கலத்தை இறக்கியது.

கருவிகளைத் தெரிவு செய்யும்போது கேட்கப்படும் முதன்மையான கேள்வி, அந்த அளவீட்டைத் தரையில் நின்றால்தான் எடுக்க முடியுமா என்பதே. நிழற்படம், கனிமங்களின் நிறமாலை ஆகியவற்றை மேலே சுற்றும் கலமும் தந்துவிடும். மண்ணுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது, தரை எப்படி அதிர்கிறது, ஒரு குறிப்பிட்ட பிடி மண்ணில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்பவற்றை அறிய அங்கேயே போய்த் தொட்டாக வேண்டும். சந்திரயான் மாற்றியமைக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியே முடிவுகளை வழிநடத்தியது.

முதல் மாற்றம்: சொந்தத் தரையிறங்கி

சந்திரயான் 2 முதலில் இந்திய, ரஷ்யக் கூட்டுத் திட்டம். 2007 நவம்பரில் இஸ்ரோவும் ரஷ்ய விண்வெளி முகமையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. சுற்றுகலத்தை இந்தியாவும் தரையிறங்கியை ரஷ்யாவும் தருவதென ஏற்பாடு. 2008 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2011 நவம்பரில், செவ்வாயின் துணைக்கோளான போபோஸை நோக்கி ரஷ்யா அனுப்பிய போபோஸ் கிரண்ட் கலம் பூமியின் சுற்றுப்பாதையைத் தாண்ட முடியாமல் வீழ்ந்தது. அதன் தொழில்நுட்பம் நிலவுத் தரையிறங்கியிலும் இருந்ததால், ரஷ்யா எல்லாவற்றையும் மறு ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. காலம் தள்ளிக்கொண்டே போனது. இறுதியில் தரையிறங்கியையும் தானே செய்வதென்று இந்தியா முடிவெடுத்தது.

இந்த முடிவு பல ஆண்டுகளை விலையாகக் கேட்டது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க என்ஜின், உயரமும் வேகமும் அளக்கும் உணரிகள், பள்ளங்களைக் கண்டு விலகும் கேமராக்கள், மடங்கி விரியும் கால்கள் என எதையும் இந்தியா அதற்கு முன் செய்ததில்லை. அந்த இடைவெளியில் சந்திரயான் 2க்கான சுற்றுகலப் பாகங்கள் செவ்வாய்த் திட்டத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. பெரிய ஜிஎஸ்எல்வி ராக்கெட் 2010இல் இரண்டு முறை தோல்வி கண்டிருந்தது. ஆகவே அந்தச் செவ்வாய்க் கலமான மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று சிறிய பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏவப்பட்டது. அது சுமந்த ஐந்து கருவிகளின் மொத்த எடை சுமார் 15 கிலோ. சிறிய ராக்கெட்டை ஏற்றதால் கருவிகளின் எடையை இந்த அளவுக்குள் அடக்க வேண்டியதாயிற்று. செவ்வாயை மிக நீண்ட நீள்வட்டத்தில்தான் சுற்ற முடிந்தது. காலத்தைக் காப்பாற்ற, கருவிகளும் கிட்டப் பார்வையும் விட்டுக்கொடுக்கப்பட்டன.

நிலவு மண்ணைச் செய்தல்

சொந்தத் தரையிறங்கி என்று முடிவானதும், அதை எந்த மண்ணில் சோதிப்பது என்ற கேள்வி வந்தது. இறங்குமிடம் நிலவின் தென்துருவப் பகுதியில் உள்ள மேட்டுநிலம். பரவலாகப் பயன்பட்டுவந்த அமெரிக்கச் செயற்கை நிலவு மண், எரிமலைச் சாம்பலில் செய்யப்பட்டது; இருண்ட பசால்ட் சமவெளிகளின் மண்ணை ஒத்தது. மேட்டுநிலத்துக்கு அது பொருந்தாது. சோதனைத்தளம் அமைக்க 60 முதல் 70 டன் வரை தேவை என்று, பெங்களூரு செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பின்னர் விளக்கினார். வெளிநாட்டிலிருந்து அந்த அளவை வாங்குவது பெருஞ்செலவு. சேலம் பக்கம் நிலவுப் பாறையை ஒத்த பாறை உண்டு என்று நிலவியலாளர்கள் பலர் இஸ்ரோவிடம் எடுத்துச் சொன்னார்கள்.

ஆய்வுப் பணியில் சேர்வராயன் அடிவாரத்தில் கருப்பூரை ஒட்டி அமைந்த பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை, திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றின் வல்லுநர்கள் சேர்ந்தார்கள். சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளின் கனிமக் கூறும் வேதிக் கூறும் சோதிக்கப்பட்டன. 1972இல் நிலவின் டெஸ்கார்ட்ஸ் மேட்டுநிலத்தில் இறங்கிய அப்பல்லோ 16 கொண்டுவந்த மண்ணே ஒப்பீட்டுக்கு அளவுகோல். 2012 முதல் சுமார் 50 டன் நாமக்கல் வட்டாரத்திலிருந்து இஸ்ரோவுக்குச் சென்றது.

பாறையை மண்ணாக்குவது நுணுக்கமான வேலை. நிலவு மண்ணைத் தீட்டி மழுங்கவைக்க அங்கே காற்றும் நீரும் இல்லை. விண்கற்கள் மோதி மோதி நொறுக்கியதால் அதன் துகள்கள் கூர்முனைகளோடு இருக்கின்றன. பெரும்பகுதி மாவுபோல மிக நுண்ணியது. எனவே பாறையைக் கிரஷரில் உடைத்து, அரைத்து, சல்லடைகளில் பல அளவுகளாகப் பிரித்து, அப்பல்லோ மண்ணில் எந்த அளவுத் துகள் எத்தனை பங்கு உண்டோ அதே விகிதத்தில் மீண்டும் கலந்தார்கள். ஆற்றுமணலைப் போல உருண்டைத் துகளாக இருந்தால், தரையிறங்கியிலிருந்து இறங்கி ஓடும் ஊர்தியின் சக்கரம் புதையும் விதமும் வழுக்கும் விதமும் மாறிவிடும். உடைத்த கல்லின் கூர்முனைகளே இங்கு தேவைப்பட்டன. இந்தச் செய்முறைக்கு 2014 மே 15 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த இஸ்ரோ, 2020 மே 18 அன்று அதைப் பெற்றது.

செயற்கை மண்ணிலும் எல்லா இயல்பையும் ஒருசேரப் பெற முடியாது. வேதிக் கூறு பொருந்தினாலும் நிலவின் வெற்றிடத்தையும், துகள்களில் ஏறும் மின்னூட்டத்தையும், விண்கல் மோதலில் உருகி ஒட்டிய கண்ணாடித் துகள்களையும் டன் கணக்கில் உருவாக்குவது நடைமுறையில் இயலாது. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஆறில் ஒரு பங்கே. பெங்களூரில் இந்த மண்ணைப் பரப்பி அமைத்த சோதனைத்தளத்தில், ஹீலியம் பலூன்களைக் கட்டி ஊர்தியின் எடையைத் தாங்கிப் பிடித்து இந்தக் குறையை ஈடுசெய்தார்கள். நிலவில் விழும் வெயிலுக்கு ஏற்ப விளக்குகள் அமைக்கப்பட்டன. முதலில் நான்கு சக்கரங்களோடு திட்டமிட்ட ஊர்தி, சோதனைகளுக்குப் பின் நிலைத்தன்மைக்காக ஆறு சக்கர ஊர்தியாக மாறியதையும், சக்கரத்தின் அளவு திருத்தப்பட்டதையும் அண்ணாதுரை குறிப்பிட்டிருக்கிறார். சக்கரம் கூடினால் எடையும் மோட்டார்களும் கூடும். ஆனால் ஊர்தி மண்ணில் சிக்கி நின்றுவிட்டால் அதிலுள்ள இரண்டு தனிமப் பகுப்பாய்வுக் கருவிகளும் ஒரே இடத்து மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். எடையை விடப் பயண உறுதி பெரிதென்று முடிவானது.

இரண்டாம் மாற்றம்: ஐந்தாவது என்ஜின்

2018இல் ஏவுவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது, சோதனை முடிவுகளைப் பரிசீலித்த வல்லுநர் குழு மேலும் மாற்றங்களைப் பரிந்துரைத்தது. தரையிறங்கியின் நான்கு மூலைகளிலும் இருந்த என்ஜின்களோடு நடுவில் ஐந்தாவது என்ஜின் சேர்க்கப்பட்டது. மூலை என்ஜின்கள் நான்கும் தரைக்கு அருகே எரிந்தால் எழும் தூசி, கலத்தின் மேல் படிந்து சூரியத்தகடுகளையும் கருவிகளையும் பாதிக்கும் என்ற கவலை இதற்குக் காரணம். இறுதிக் கட்டத்தில் நடு என்ஜினைக் கொண்டு இறங்கினால் தூசி குறையும் என்று கருதப்பட்டது. கால்களின் அமைப்பும் இறங்கும் பாதையும் மாற்றப்பட்டன.

மொத்த எடை 3,250 கிலோவிலிருந்து 3,850 கிலோவாக ஏறியது. ஜிஎஸ்எல்வி மார்க் 2 அதைத் தூக்காது என்பதால் ஜிஎஸ்எல்வி மார்க் 3 தேர்வானது; ஏவும் நாளும் தள்ளிப்போனது. ராக்கெட் பெரிதானதால் கருவிகளைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வரவில்லை. சுற்றுகலம் எட்டுக் கருவிகளைச் சுமந்தது. தரையிறங்கி விக்ரம் 27 கிலோ ஊர்தி பிரக்யானையும் சேர்த்து 1,471 கிலோ. 2019 ஜூலை 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான் 2, நிலவின் சுற்றுப்பாதையைச் செவ்வனே அடைந்தது. செப்டம்பர் 7 அதிகாலை, தரையை நெருங்கிய விக்ரமின் தொடர்பு அறுந்தது. அதன் சிதறல்களைச் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் நாசா படங்களில் தேடிக் கண்டுபிடித்தார்; அதை நாசா அந்த ஆண்டு டிசம்பரில் உறுதிசெய்தது.

தோல்வியின் காரணங்களை அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் 2023 ஜூலையில் வெளிப்படையாக விளக்கினார். ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதல் உந்துவிசை தந்தன. இறங்குமிடத்தைப் படமெடுக்க வேண்டிய கட்டத்தில் கலத்தை அசையாமல் வைத்திருக்க வேண்டியிருந்ததால், வேகப் பிழையை உடனுக்குடன் திருத்த முடியவில்லை. அது சேர்ந்துகொண்டே போனது. பின்னர் அவசரமாகத் திரும்ப வேண்டிய நிலையில், திரும்பும் வேகத்துக்கு மென்பொருள் விதித்திருந்த வரம்பு தடுத்தது. இறங்குமிடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சிறு சதுரம். அதை எட்டும் முயற்சியில் கலம் வேகத்தைக் கூட்டியது. துல்லியமாகக் குறிப்பிட்ட இடத்தில் இறங்க வேண்டும் என்ற இலக்கு, உயிர்பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்துவிட்டது.

மூன்றாம் மாற்றம்: தோல்வியிலிருந்து தொடங்கிய வடிவமைப்பு

சந்திரயான் 3 எதெல்லாம் தவறக்கூடும் என்ற பட்டியலிலிருந்து வடிவமைக்கப்பட்டது. உணரி பழுதானால், என்ஜின் பழுதானால், கணக்கு பிசகினால் கலம் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சோதித்தார்கள். திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல்.

நடு என்ஜின் நீக்கப்பட்டது. நான்கு என்ஜின்கள் போதும் என்று முடிவானது. தூசி பற்றிய அச்சத்தைவிட, கட்டுப்பாட்டின் எளிமைக்கு இம்முறை கூடுதல் மதிப்பு தரப்பட்டது. இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என விரிவாக்கப்பட்டது. கால்கள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி வலுப்படுத்தப்பட்டன. முன்பு அந்த வரம்பு 2 மீட்டர். எரிபொருள் கூட்டப்பட்டது. எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மின்சாரம் கிடைக்கும்படி சூரியத்தகடுகள் அதிகமாக்கப்பட்டன. தரையைச் சார்ந்த வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் உணரி புதிதாகச் சேர்ந்தது. இவை எல்லாம் சேர்ந்து விக்ரமின் எடையை 1,752 கிலோவாக்கின. கூடிய 281 கிலோவில் புதிய அறிவியல் கருவி ஒன்றுகூட இல்லை. மண்ணின் வெப்பத்தை அளக்கும் சாஸ்டே, அதிர்வை அளக்கும் இல்சா, தரையருகே பிளாஸ்மாவை அளக்கும் ரம்பா, நாசாவின் லேசர் எதிரொளிப்பான், ஊர்தியின் இரண்டு தனிமப் பகுப்பாய்வுக் கருவிகள் என்று முந்தைய கருவிகளே திரும்பவும் சென்றன. கேள்விகளை மாற்றாமல், அவற்றுக்கு விடை கிடைக்கும் வாய்ப்பை உயர்த்துவதே இந்த மாற்றத்தின் நோக்கம்.

கூடிய எடைக்கு வழிவிட்டது சுற்றுகலம். சந்திரயான் 2இன் சுற்றுகலம் நல்ல நிலையில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கேமரா சுமார் 30 சென்டிமீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்துக் காட்டக்கூடியது. புதிய இறங்குமிடத்தில் பாறைகளையும் பள்ளங்களையும் ஆராய அந்தப் படங்கள் உதவின. விக்ரமின் செய்திகளைப் பூமிக்கு எட்டச்செய்யவும் அதே கலம் துணைநின்றது. எனவே சந்திரயான் 3இல் கருவிகள் நிறைந்த சுற்றுகலத்துக்குப் பதில், விக்ரமை நிலவுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் உந்துகலம் மட்டும் அமைந்தது. அதில் ஒரே ஒரு கருவி. பூமியின் ஒளியை உயிர்வாழத்தக்க கோளின் மாதிரியாக ஆராயும் ஷேப் அது.

விட்டுக்கொடுத்தவற்றையும் சொல்லியாக வேண்டும். இறங்குமிடம் அகலமாக இருந்தால், அதன் எந்த மூலையில் இறங்கினாலும் ஆபத்து இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட நிலம் பெரும்பாலும் ஒரே தன்மையுடையதாக இருக்கும். விதவிதமான பாறைகளைப் பார்க்கும் வாய்ப்பு குறையும். தென்துருவத்தின் நிரந்தர இருட்டுப் பள்ளங்களில்தான் நீர்ப்பனி இருக்கக்கூடும் என்றாலும், வெயிலும் பூமியோடு தொடர்பும் உறுதியாகக் கிடைக்கும் சுமார் 69 டிகிரி தென் அட்சரேகையே தேர்வானது. நிலவின் இரவுக் குளிரைத் தாங்க கதிரியக்க வெப்பக்கலங்கள் உதவும். உந்துகலத்தில் ஒரு வாட் அளவுள்ள இரண்டு வெப்பக்கலங்கள் சோதனையாக வைக்கப்பட்டன. எடை கூடும் என்பதால் விக்ரமிலும் பிரக்யானிலும் வைக்கவில்லை. ஆய்வுக்காலம் ஒரு நிலவுப் பகலுக்குள், அதாவது பூமிக் கணக்கில் சுமார் 14 நாளுக்குள், முடிந்துவிடும் என்பது தெரிந்தே ஏற்றுக்கொண்ட வரம்பு.

கிடைத்த விடைகள்

2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்ட சந்திரயான் 3இன் விக்ரம், ஆகஸ்ட் 23 மாலை 6:04 மணிக்கு நிலவில் இறங்கியது. அதற்கு நான்கு நாள் முன்புதான் ரஷ்யாவின் லூனா 25 நிலவில் மோதிச் சிதறியிருந்தது.

சாஸ்டே நிலவின் மண்ணுக்குள் 10 சென்டிமீட்டர்வரை செலுத்தப்பட்டது. விக்ரம் நின்ற இடத்தில், சூரியனை நோக்கிய மெல்லிய சரிவில், மேற்பரப்பு 82 டிகிரி செல்சியஸ்வரை சூடேறியது. ஒரு மீட்டர் தள்ளிச் சமதளத்தில் வெப்பம் 60 டிகிரி அளவுக்கே இருந்தது. துருவத்தை ஒட்டிய பகுதிகளில் ஆறு டிகிரி சரிவுகூட வெப்பத்தை இவ்வளவு மாற்றும் என்பது மேலிருந்து பார்த்த கருவிகளுக்குப் பிடிபடாத நுணுக்கம். தரையைத் தொட வேண்டிய கருவியை முதன்மையாக வைத்த தெரிவு இங்கே பலன் தந்தது.

பிரக்யான் சுமார் 103 மீட்டர் பயணம் செய்து 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அந்த முடிவுகள் 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தன. இறங்குமிடத்து மண் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகை. எங்கும் ஏறக்குறைய ஒரே தன்மை. எதிர்பார்த்ததைவிட மக்னீசியம் சற்றுக் கூடுதல். தென்துருவ எய்ட்கன் படுகையை உண்டாக்கிய பெருமோதல் ஆழத்திலிருந்து வாரி இறைத்த பொருள் இதில் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாறைக்குழம்புக் கடல் கோட்பாட்டுக்குத் தென்துருவப் பகுதியின் தரையிலிருந்து கிடைத்த முதல் நேரடிச் சான்று இது. சித்தம்பூண்டிக் கல்லில் சோதனைமண் செய்தவர்களின் கணிப்பும் இதனால் உறுதியானது. விக்ரம் இறங்கியது அனார்த்தோசைட் நிலத்தில்தான்.

ஆனால் எல்லாம் பொருந்தவில்லை. பிரக்யானின் பின்சக்கரங்களில் தேசியச் சின்னமும் இஸ்ரோவின் சின்னமும் பொறிக்கப்பட்டிருந்தன. பெங்களூருச் சோதனைமண்ணில் அவை தெளிவாகப் பதிந்தன. நிலவில் பதிவு மங்கலாகவே விழுந்தது. அங்குள்ள மண் உதிரியான தூசியாக இல்லாமல் கட்டிகட்டியாகச் சேர்ந்திருந்தது என்று வீரமுத்துவேல் விளக்கினார். துகள்களை எது பிணைக்கிறது என்பது புதிய ஆய்வுப்பொருள் ஆனது. நிலவின் நடுக்கோட்டுக்கு அருகே இறங்கிய அப்பல்லோ 16 மண்ணை அளவுகோலாக எடுத்துச் செய்த மாதிரி, துருவப் பகுதி மண்ணின் பிணைப்பை முழுமையாகக் காட்டாது என்பது இதனால் தெரிந்தது. அடுத்த சோதனைமண் செய்பவர்களுக்கு இது நேரடியான அளவீடு.

செப்டம்பர் 3 அன்று விக்ரம் தன் என்ஜின்களை மீண்டும் இயக்கி, சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, 30 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளி இறங்கியது. எச்சரிக்கைக்காகக் கூட்டிய எரிபொருளில் மிஞ்சியதே இந்தத் தாவலுக்குப் பயன்பட்டது. நிலவிலிருந்து மீண்டும் கிளம்பிவரும் எதிர்காலக் கலங்களுக்கு இது முதற்படி.

அடுத்த திட்டங்கள்

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, நிலவு மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரும் சந்திரயான் 4க்கு 2,104 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்தது. ஒரே ராக்கெட் தூக்க முடியாத எடை என்பதால், இரண்டு ஏவல்களில் பாகங்களை அனுப்பி விண்வெளியில் இணைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. எடைச்சிக்கலைத் தீர்க்கும் இந்த வழி, விண்வெளி இணைப்பு என்ற புதிய இடரைக் கூடவே கொண்டுவருகிறது. 2025இல் ஒப்புதல் பெற்ற, ஜப்பானோடு இணைந்த சந்திரயான் 5இன் ஊர்தி சுமார் 250 கிலோ எடை உடையதாக இருக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. துருவத்தை இன்னும் நெருங்கி, பனியைத் தேடித் துளையிடுவது அதன் வேலை. பிரக்யானைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு எடையுள்ள ஊர்திக்குச் சக்கரம் புதையும் ஆழம், சரிவில் வழுக்கும் அளவு, துளைக்கருவி சந்திக்கும் எதிர்ப்பு எல்லாவற்றையும் புதிதாகச் சோதித்தாக வேண்டும்.

அந்தச் சோதனைகளுக்கு மேட்டுநில மண்ணின் மாதிரி மீண்டும் டன் கணக்கில் தேவைப்படும். சந்திரயான் 4 கொண்டுவரும் உண்மையான மண் கைக்கு வந்ததும், சித்தம்பூண்டிக் கல்லில் செய்த மாதிரியைத் துகளுக்குத் துகள் ஒப்பிட்டுத் திருத்த முடியும். மாதிரி எவ்வளவு துல்லியமாகிறதோ அவ்வளவுக்குத் தற்காப்புக்கென ஒதுக்கும் எடை குறையும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் அறிவியல் கருவிகளுக்குக் கிடைக்கும்.